கூனன் மணி அடிக்கிறான், கொத்தன் எங்கே?

ஒரு கார்ட்டூன் நம் முன்னே கிடக்கிறது. 2024 டிசம்பரில் மேல்நாட்டுச் சஞ்சிகை ஒன்றில் வந்த படம். நண்பர் ஒருவர் அதைப் பத்திரமாக வெட்டி வைத்திருந்தார். எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறான் பாருங்கள் என்று சொல்லி நம் கையில் கொடுத்தார்.

அழகாகத்தான் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. பாரிஸ் நகரத்து நோத்ர்தாம் மாதா கோயில், அதன் இரட்டைக் கோபுரங்கள், நடுவே வானைக் குத்தும் ஊசிக்கோபுரம். மணிக்கூண்டில் கூனன் குவாசிமோடோ கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக மணி அடிக்கிறான். கைப்பிடிச் சுவரில் குந்தியிருக்கும் கல் பூதங்கள் மதுக்கிண்ணத்தை உயர்த்திச் சிரிக்கின்றன. கீழே கனவான்களும் சீமாட்டிகளும் தொப்பியை வீசி ஆரவாரம் செய்கிறார்கள். ஐந்து வருஷத்துக்கு முன் எரிந்துபோன கோயில் திரும்பி வந்துவிட்டது, எல்லோரும் கொண்டாடுங்கள் என்பது படத்தின் தாத்பரியம்.

நாம் அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். கூனன் இருக்கிறான், பூதம் இருக்கிறது, சீமாட்டியின் நாய்க்குட்டிகூட இருக்கிறது. உளி பிடித்த கை ஒன்று இல்லை. சாரத்தின் ஒரு குழாய்கூட இல்லை. கோயில் தானே எங்கோ போய்விட்டுத் தானே நடந்து வந்து சேர்ந்தது போல் இருக்கிறது.

கேலிச்சித்திரத்தில் இதையெல்லாமா தேடுவது என்று நண்பர் கேட்டார். தேடத்தான் வேண்டும். ஒரு வர்க்கம் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காமல் தாண்டிப் போகிறது என்பதை அதன் தலையங்கங்களைவிட அதன் வேடிக்கைப் படங்கள்தான் பச்சையாகக் காட்டிக்கொடுக்கின்றன. தலையங்கம் எழுதுபவன் யோசித்து எழுதுகிறான். படம் போடுபவனுக்கோ மனதில் முதலில் வந்து நிற்பது எதுவோ அதுதான் காகிதத்தில் விழுகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாம் மாதா கோயிலுக்கு விரோதிகள் அல்ல. 1163-ம் வருஷ வாக்கில் அஸ்திவாரம் போட்டு, ஏறக்குறைய இருநூறு வருஷம் தலைமுறை தலைமுறையாகக் கல் சுமந்து எழுப்பிய கட்டிடம் அது. அது எரிந்த அன்று தெருவில் நின்று கண்ணீர் விட்ட பாரிஸ் ஜனங்களின் துக்கம் நிஜமான துக்கம். அங்கே மெழுகுவர்த்தி ஏற்ற வரும் கிழவியோடு நமக்கு எந்தச் சண்டையும் கிடையாது. அது நிமிர்ந்து நிற்பதில் நமக்கும் சந்தோஷமே. அதனால்தான் கேட்கிறோம்: அதை நிமிர்த்தியவன் எங்கே?

2019 ஏப்ரல் 15, திங்கட்கிழமை மாலை. கூரையில் தீப்பிடித்தது. எச்சரிக்கைப் பலகையின் முன்னே உட்கார்ந்திருந்த காவல் ஊழியர் அந்த வேலைக்கு வந்து மூன்றே நாள் ஆனவர்; மாற்று ஆள் வராததால் இரண்டாவது ஷிப்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பத்திரிகைகள் பிற்பாடு எழுதின. பார்த்துவரப் போன ஆள் தவறான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். சரியான இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் அரைமணி நேரம் ஓடிவிட்டது. உலகமே கொண்டாடும் பொக்கிஷத்துக்குக் காவல் இந்த லட்சணத்தில் இருந்தது! அதன் சொந்தக்காரர் யார் என்றால் பிரெஞ்சு சர்க்கார்தான். 1905-ம் வருஷத்துச் சட்டத்தின்படி கட்டிடம் சர்க்காருடையது. தீக்கு முந்திய வருஷங்களில் சர்க்கார் அதன் பராமரிப்புக்கு ஒதுக்கி வந்த தொகை ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் யூரோ. கல் உதிர்கிறது, காசு கொடுங்கள் என்று கோயில்காரர்கள் 2017-ல் அமெரிக்கா வரை போய்க் கையேந்த வேண்டியிருந்தது.

அன்றிரவு நானூறுக்கும் மேற்பட்ட தீயணைப்புத் தொழிலாளர்கள் போராடினார்கள். ஊசிக்கோபுரம் முறிந்து விழுந்தது. வடக்குக் கோபுரத்துக்குள் தீ நுழைந்தபோது, மணிகள் அறுந்து விழுந்தால் கோபுரமே சரியும் என்று தெரிந்தும் சிலர் உள்ளே ஏறிப் போய் அணைத்தார்கள். இரட்டைக் கோபுரங்கள் இன்று கார்ட்டூனில் நிற்கின்றன என்றால் அந்த மனிதர்களால் நிற்கின்றன.

அதற்கப்புறம் வேலை தொடங்கியது. எப்பேர்ப்பட்ட வேலை! தீப்பிடித்தபோது கோயிலைச் சுற்றி ஏற்கனவே சாரம் கட்டியிருந்தது. சுமார் 40,000 குழாய்கள், 200 டன் இரும்பு. அது வெந்து, உருகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, விழவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் கோயில் தலையில் தொங்கியது. ஒரு பக்கம் அசைந்தால் சுவரையே இழுத்துக்கொண்டு போய்விடும். 2020 ஜூன் முதல் நவம்பர் வரை, இடுப்பில் கயிறு கட்டிய தொழிலாளர்கள் உச்சியிலிருந்து தொங்கிக்கொண்டு அந்தக் குழாய்களை ஒவ்வொன்றாக அறுத்து இறக்கினார்கள். கூரையின் மரவேலைக்கு பிரான்சின் காடுகளிலிருந்து சுமார் 2,000 ஓக் மரங்கள் வந்தன. பழைய காலத்துத் தச்சன் செய்தபடியே, அகன்ற கோடரியால் கையாலேயே உத்திரங்களைச் செதுக்கினார்கள். உள்சுவர்களில் ரப்பர்ப்பாலைப் பூசித் தோல் உரிப்பதுபோல் உரித்துக் கரியை எடுத்தார்கள். ஆர்கன் வாத்தியத்தின் எண்ணாயிரம் குழல்களையும் கழற்றித் துடைத்து மாட்டினார்கள். இப்படியாகக் கொத்தர், தச்சர், கூரை வேலைக்காரர், கண்ணாடி வேலைக்காரர், சாரம் கட்டுபவர் என்று சுமார் இரண்டாயிரம் பேரின் ஐந்து வருஷ உழைப்பு அந்தக் கட்டிடத்தில் இருக்கிறது. ஓவியருக்கு இவ்வளவு பேரில் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை.

இல்லை, அவசரப்பட்டுவிட்டோம். ஒரு தொழிலாளியை அவர் போட்டிருக்கிறார். கூனன் குவாசிமோடோதான் அது. விக்டர் ஹியூகோ 1831-ல் வெளியிட்ட நாவலில் வரும் அனாதைப் பிள்ளை. மணி அடிப்பது அவன் வேலை. அந்த வேலையைச் செய்து செய்தே அவன் காது செவிடாகிறது. ஊர்ச் சந்தியில் கட்டி வைத்து அவனைச் சவுக்கால் அடிக்கிறார்கள். கூட்டம் நின்று சிரிக்கிறது. தொழிலில் உறுப்பை இழந்து, கூலிக்குப் பதில் அடி வாங்கியவன்! அவனைத்தான் பல்லைக் காட்டவைத்துத் திருவிழா பொம்மையாக்கி இருக்கிறார் நம் ஓவியர். இரண்டாயிரம் உயிருள்ள தொழிலாளிகளை விட்டுவிட்டு, கதைப் புத்தகத்திலிருந்து ஒருவனைப் பிடித்து வந்திருக்கிறார். கதைத் தொழிலாளி கூலி உயர்வு கேட்கமாட்டான் அல்லவா!

அந்தப் பூதங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை ஏதோ ஆதிகாலம் தொட்டு அங்கே குந்தியிருப்பதாகப் படம் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அவை 19-ம் நூற்றாண்டுச் சரக்கு. வியோலே-ல-துக் என்ற கட்டிடக் கலைஞர் கோயிலைப் புதுப்பித்தபோது கல்தச்சர்களைக் கொண்டு செய்து வைத்தவை. 2019-ல் விழுந்த ஊசிக்கோபுரமும் அவர் காலத்தில், 1859-ல் எழுந்ததுதான். ஆக இந்தக் கோயில் 'திரும்பி வருவது' முதல் தடவையும் அல்ல. ஒவ்வொரு தடவையும் யாரோ சாரத்தில் ஏறித்தான் அதைக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

இனி, செவிட்டுக் கூனன் கதை எப்படி இந்தக் காலத்திலும் தொடர்கிறது என்று பார்ப்போம். எரிந்த கூரையிலும் ஊசிக்கோபுரத்திலும் இருந்த ஈயம் 400 டன்னுக்கு மேல். அது உருகிப் பொடியாகி வேலைத்தளம் முழுக்கப் படிந்தது. அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் போனது. ஈயப்பொடி ரத்தத்தில் ஏறினால் என்ன செய்யும் என்பது வண்ணப்பூச்சு வேலை செய்பவனுக்கும் அச்சுக்கோப்பவனுக்கும் தெரியும்; குழந்தைகளின் மூளையை அது எப்படித் தின்னும் என்பது எந்த டாக்டரைக் கேட்டாலும் தெரியும். ஆனால் தீப்பிடித்த மறுநாளே ஜனாதிபதி மக்ரோன், ஐந்தே வருஷத்தில் முன்னிலும் அழகாகக் கட்டுவோம் என்று தேசத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் கெடுவுக்காகப் புராதனக் கட்டிட விதிகளுக்கும் நகரமைப்பு விதிகளுக்கும் விலக்களிக்கும் விசேஷச் சட்டமும் 2019 ஜூலையில் வந்தது. அந்த மாதமே, வேலைத்தளத்தில் தொழிலாளர்களுக்கு ஈயப் பாதுகாப்பு சரியில்லை என்று தொழிலாளர் துறை ஆய்வாளர்களே எச்சரிக்க, ஜூலை 25-ம் தேதி வேலையை நிறுத்த வேண்டி வந்தது. ஸி.ஜி.டி. தொழிற்சங்கமும் ஈய நோயால் பாதிக்கப்பட்டோரின் குடும்பங்களும் வேலைத்தளத்தையே மூடிப் போர்த்தச் சொல்லிக் கேட்டார்கள். ஆகஸ்டு 19-ல் வேலை மறுபடி தொடங்கியபோது உடை மாற்றும் அறையும், ஒவ்வொரு தடவை வெளியே வரும்போதும் குளித்துவிட்டு வர ஏற்பாடும் இருந்தன. முதல் மூன்று மாதம் அந்த இடிபாட்டில் வேலை செய்தவர்கள் பாடு? சங்கமும் குடும்பங்களும் பெற்றோர்களும் 2021 ஜூலையில் கோர்ட்டுக்குப் புகார் கொண்டு போனார்கள். வேடிக்கையின் சிகரம் என்னவென்றால், புதுக் கூரைக்கும் ஈயத் தகடே போட்டார்கள். பழையபடியே இருக்க வேண்டுமாம்!

பணக் கதைக்கு வருவோம். இது தனிக் கார்ட்டூனுக்கு உரிய விஷயம்.

தீப்பிடித்த அந்தத் திங்கட்கிழமை இரவு மக்ரோன் டெலிவிஷனில் பேசுவதாக இருந்தார். என்ன பேச்சு? 2018 நவம்பர் முதல் மஞ்சள் சட்டை அணிந்து தெருவில் நின்ற ஜனங்களுக்குப் பதில். சம்பளம் மாதக் கடைசி வரை காணவில்லை, பெட்ரோல் வரி தாங்கவில்லை, கிராமத்துத் தபாலாபீசையும் ஆஸ்பத்திரியையும் மூடாதே என்று கேட்டவர்களுக்குப் பதில். கஜானா காலி என்பதே மாதக்கணக்கில் அவர்கள் கேட்டுச் சலித்த பதில். தீ வந்தது, பேச்சு ஒத்திவைக்கப்பட்டது. இரண்டே நாளில் பணம் கொட்டியது! பினோ குடும்பம் 10 கோடி யூரோ, லூயி வித்தோன் பைகளை விற்கும் அர்னோ 20 கோடி, லோரியால் கம்பெனியும் அதன் முதலாளி பெத்தான்கூர் குடும்பமும் 20 கோடி, டோட்டல் எண்ணெய்க் கம்பெனி 10 கோடி. நான்கு வீட்டிலிருந்து 60 கோடி யூரோ!

சோழியன் குடுமி சும்மா ஆடுமா? 2019-ல் இருந்த பிரெஞ்சுச் சட்டப்படி கம்பெனிகள் கொடுத்த நன்கொடையில் நூற்றுக்கு அறுபது வரியில் கழிந்தது. அதைத் தொண்ணூறு ஆக்கலாம் என்று முன்னாள் கலாசார மந்திரி ஒருவர் யோசனை சொன்னார். கொடுப்பது கோடீஸ்வரன், செலுத்துவது ஊர் என்று ஜனங்கள் கொதித்தபிறகு, பினோ குடும்பத்தார் சலுகை வேண்டாம் என்றார்கள். அர்னோவும் தமக்கு அது கிடைக்காது என்று தம் பங்குதாரர்களிடம் சொன்னார். சரி, அதையும் ஒப்புக்கொள்வோம். கையிலிருந்தே கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதுதான் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஒரே ராத்திரியில் 20 கோடியை எடுத்து நீட்டக்கூடிய வீடுகள் இருக்கிற நாட்டில், கூலிக்குப் பணமில்லை என்பதை யார் நம்புவது? ஸி.ஜி.டி.யின் பொதுச் செயலாளர் அன்றே கேட்டது இதைத்தான். அடுத்த சனிக்கிழமை மஞ்சள் சட்டைக்காரர்கள் தட்டிகளில் எழுதிப் பிடித்ததும் இதைத்தான்.

இன்னொன்றும் உண்டு. ஜூன் மாதம் வரை அந்தப் பெரிய வீட்டுப் பணம் வந்து சேரவில்லை. இடிபாட்டை அள்ளிய தொழிலாளர்களின் முதல் மாதக் கூலி, சின்னச் சின்ன மனிதர்கள் அனுப்பிய காசிலிருந்து போயிற்று. பெரிய கனவான்கள் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு பிற்பாடு தவணை தவணையாகக் கொடுத்தார்கள். 150 தேசங்களிலிருந்து 3,40,000 பேர் கொடுத்து மொத்தம் சேர்ந்தது சுமார் 84 கோடி 60 லட்சம் யூரோ. அந்த லட்சக்கணக்கான பேரில் யாருக்கும் பெயரில்லை. நாலு வீட்டுப் பெயர் மட்டும் உலகத்துக்கே மனப்பாடம்.

இப்போது பாரிசை விட்டுத் தெற்கே மார்செய் துறைமுகத்துக்கு வாருங்கள். கோயில் எரிவதற்கு ஐந்து மாதம் முன்னால், 2018 நவம்பர் 5-ம் தேதி காலை, ஓபான் தெருவில் 63, 65-ம் எண் வீடுகள் இடிந்து விழுந்தன. எட்டுப் பேர் செத்தார்கள். சுவர் வெடிக்கிறது, கதவு திறக்க முடியவில்லை என்று 65-ம் எண்ணில் குடியிருந்தவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு வாரம் முன்பு அவர்களை வெளியேற்றி, நிபுணர் ஒருவர் வந்து பார்த்து, அன்றே திரும்பக் குடியேறவும் அனுமதித்தார்கள். அந்த வீடுகளுக்காக எந்தப் பை வியாபாரியும் 20 கோடி எடுத்து நீட்டவில்லை. ஐந்து வருஷத்தில் முன்னிலும் அழகாகக் கட்டுவோம் என்று எந்த ஜனாதிபதியும் டெலிவிஷனில் தோன்றவில்லை. அந்த வழக்கு கோர்ட்டுக்கு வரவே ஆறு வருஷம் ஆயிற்று. 2024 நவம்பர் 7-ல் விசாரணை தொடங்கி, பாரிசில் கோயில் திறப்பு விழா ஜொலித்த நாட்களில் மார்செய் கோர்ட்டில் செத்தவர்களின் தாய்தந்தையர் சாட்சி பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். 2025 ஜூலையில் தீர்ப்பு வந்து சிலர் தண்டிக்கப்பட்டார்கள். அந்த எட்டுப் பேர் திரும்பி வரப் போவதில்லை. அந்தத் தெருவைப் பற்றி ஒரு கார்ட்டூனை நம் நண்பர் வெட்டி வைத்திருக்கிறாரா என்று கேட்டோம். இல்லை.

விழாவுக்கு வருவோம். 2024 டிசம்பர் 7. டிரம்ப் வந்தார், எலான் மஸ்க் வந்தார், இங்கிலாந்து இளவரசர் வந்தார், அர்னோ வந்தார், பினோ வந்தார். மூன்று நாள் முன்புதான் பிரெஞ்சுப் பார்லிமெண்டு மந்திரிசபையைக் கவிழ்த்திருந்தது; ஆனாலும் மக்ரோனுக்கு அன்று பட்டாபிஷேக முகம். தீயணைப்பவர்களும் தொழிலாளர்களின் பிரதிநிதிகளும் கோயில் நடுவே நடந்து வந்தபோது கூடியிருந்தோர் எழுந்து கைதட்டினார்கள். நாம் இதை மறைக்கப் போவதில்லை. ஒரு வாரம் முன்பு, நவம்பர் 29-ல், ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களை உள்ளே கூப்பிட்டு ஜனாதிபதி நன்றியும் சொன்னார். ஓவியர் அதைக்கூட வரையவில்லை என்பது வேறு விஷயம். கைதட்டலுக்கு என்ன செலவு? அதே ஜனாதிபதிதான் 2023-ல் ஓய்வு வயதை 62-லிருந்து 64-க்கு உயர்த்தும் சட்டத்தை, சட்டசபையில் இறுதி வாக்கெடுப்பு இல்லாமலேயே திணித்தார். லட்சக்கணக்கான பேர் தெருவில் நின்றார்கள். கயிற்றில் தொங்கி இரும்பு அறுத்தவன் 64 வயது வரை தொங்க வேண்டும் என்று சொன்னவர், அவனுக்கு எழுந்து நின்று கைதட்டுகிறார்!

சரி, அந்தத் தொழிலாளர்களின் பெயர்களாவது எங்கேயாவது இருக்கின்றனவா? இருக்கின்றன. வாசகர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். புதிய ஊசிக்கோபுரத்தின் உச்சியில் தங்க முலாம் பூசிய செப்புச் சேவல் ஒன்று நிற்கிறது. 2023 டிசம்பர் 16-ல் அதைத் தூக்கி வைத்தார்கள். அதன் வயிற்றுக்குள் ஒரு குழாய். அந்தக் குழாய்க்குள், கட்டுமானத்தில் பங்குகொண்ட சுமார் இரண்டாயிரம் பேரின் பெயர்கள் எழுதிய சுருள். மூடி முத்திரையிட்டுத் தரையிலிருந்து 96 மீட்டர் உயரத்தில்!

பெயர் எழுதியதே பெரிது என்று சிலர் சொல்லக்கூடும். தொழிலாளர்களில் பலர் அதற்காகப் பெருமைப்பட்டிருப்பார்கள். அது அவர்களுக்கு உரிய பெருமைதான். ஆனாலும் அந்த ஏற்பாட்டைப் பாருங்கள். முதலாளியின் பெயர் நாளேட்டின் முதல் பக்கத்தில். தொழிலாளியின் பெயர் சேவல் வயிற்றில். ஒன்றை ஊரே படிக்கலாம். இன்னொன்றைப் புறாகூடப் படிக்க முடியாது.

இதே பாரிசில் டோமியே என்று ஒரு சித்திரக்காரன் இருந்தான். ஏழைகள் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டும் காசை விழுங்கும் பூதமாக ராஜா லூயி பிலிப்பை வரைந்தான். அதற்காக 1832-ல் சிறைக்குப் போனான். வெளியே வந்து, 1834-ல் டிரான்ஸ்னொனேன் தெருவில் ராணுவம் கொன்றுபோட்ட குடும்பத்தை, ரத்தத்தில் கிடந்தபடியே வரைந்தான். 2019-ல் கோயில் எரிந்த வாரத்தில் ஷார்லி எப்தோ பத்திரிகையும், மக்ரோனின் தலைமேல் கோபுரங்கள் எரிவதாகவும், சீர்திருத்தத்தைக் கூரையிலிருந்து தொடங்குவதாக அவர் சொல்வதாகவும் அட்டைப்படம் போட்டது. அந்தப் பத்திரிகையோடு நமக்குப் பல விஷயங்களில் ஒத்துப்போகாது. அந்த வாரம் அது கண்ணை மூடிக்கொள்ளவில்லை என்பதை மட்டும் சொல்கிறோம்.

இந்த ஓவியர் மோசமானவர் என்று நாம் சொல்லவில்லை. கோடு நன்றாக வருகிறது. நாய்க்குட்டியைப் போட்ட கைக்குத் தச்சனைப் போடத் தெரியாதா? விழா முடிந்த பிறகும் வேலை முடிந்துவிடவில்லை. மீந்த சுமார் 14 கோடி யூரோவைக் கொண்டு கோயிலின் பின்புறச் சுவர்களில் அடுத்த கட்ட வேலையை 2025-ல் தொடங்கினார்கள். அவர் பென்சிலை எடுத்துக்கொண்டு முன்வாசலை விட்டுப் பின்புறம் போகட்டும். ஷிப்டு முடிந்து, குளித்து, உடை மாற்றிக்கொண்டு வெளியே வருகிறவர்கள் முன்னால் நிற்கட்டும். பெயர் என்ன என்று கேட்டால் சொல்வார்கள்.